எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடு லேத்தில் கடைசல் பிடித்தால் மேற்பரப்பு கிழிந்தது போல வருகிறது, ஃபினிஷ் கிடைக்க என்ன செய்யலாம்?

புதுப்பட்டறை:

வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பழைய நாலரை அடி லேத், கோன் புல்லி, பட்டை பெல்ட், 1 எச்.பி. மோட்டார். பேக் கியர் (வேகம் குறைக்கும் கியர்) போடாமல் ஓட்டினால் அதிகபட்சம் 600 ஆர்.பி.எம். வரும், அதற்கு அடுத்த படி 310. இப்போது கையில் இருக்கும் வேலை 28 மி.மீ. எம்.எஸ். ராடை 25 மி.மீ.க்கு இறக்கி ஒரு ஷாஃப்ட் செய்வது. ஒரு பக்கம் பேரிங் உட்காரும் இடம், அதை ஒட்டி ஆயில் சீல் ஓடும் இடம். டிராயிங்கில் பேரிங் சீட்டுக்கு என்7 ஃபினிஷ் கேட்டிருக்கிறார்கள்.

டூல் டி.என்.எம்.ஜி. 160408 கார்பைடு இன்சர்ட் (ஹோல்டரில் பொருத்தும் வெட்டுமுனைத் துண்டு), ஹோல்டர் புதிது. 310 ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறேன், ஆட்டோ ஃபீட் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. கடைசி கட் மட்டும் மெதுவாக, 0.05 தான் கொடுக்கிறேன். டெயில்ஸ்டாக்கில் சுழலும் சென்டர் போட்டுத் தாங்கியிருக்கிறேன், ஷாஃப்ட் நீளம் 200 மி.மீ.

வரும் மேற்பரப்பு மங்கலாக, செதில் செதிலாக இருக்கிறது. நகத்தால் இழுத்தால் மாட்டுகிறது. சில இடத்தில் சின்னத் துணுக்குகள் அப்பிக்கொண்டு பளபளக்கின்றன. இன்சர்ட்டின் முனையைத் திருப்பிப் புது முனை வைத்தும் அதே கதை. கூலன்ட் கையால் பிரஷ்ஷில் தடவுகிறேன். மெஷின் பழையது என்பதால் இப்படித்தான் வரும் என்கிறார்கள் பக்கத்துப் பட்டறையில். மெஷினைக் கழற்றி பேரிங் பார்ப்பதற்கு முன்னால் வேறு என்ன பார்க்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சிட்கோ டர்னர்:

தம்பி, மெஷினைக் கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது.

முதலில் ஒரு லென்ஸ் எடுத்து அந்த மேற்பரப்பைப் பாருங்கள். என்ன கோளாறு என்பதை மேற்பரப்பே காட்டிவிடும், அதைப் பார்க்காமல் ஆளுக்கு ஒன்று சொல்வதால்தான் இல்லாத இடத்தில் தேடுகிறோம். ஒழுங்கான, ஒரே இடைவெளியுள்ள மரை போன்ற கோடுகள் தெரிந்தால் அது ஃபீட் அதிகம், அவ்வளவுதான். சாய்ந்த அலை அலையாக, வெட்டும்போது ஊளைச் சத்தத்தோடு வந்தால் அது சேட்டர், அதாவது அதிர்வு. கோடுகளே சரியாகத் தெரியாமல், உலோகத்தைப் பிய்த்து எடுத்தது போல, நடுநடுவே துணுக்கு அப்பிக்கொண்டு இருந்தால் அது வேறு. உங்களுடையது இந்த மூன்றாவது வகை. டூல் முனையில் இரும்பு ஒட்டிக்கொண்டு, அந்த ஒட்டிய கட்டியே டூலாக வேலை செய்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் உடைந்து, பாதி சுருளோடு போகிறது, பாதி ஜாபில் (கடையும் ராடில்) அப்பிக்கொள்கிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு இன்சர்ட்டின் முனையைப் பாருங்கள், மேலே ஒரு சின்ன மேடு ஒட்டியிருக்கும்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். டூலின் வடிவத்தாலும் ஃபீடாலும் மட்டும் வரும் சொரசொரப்புக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஃபீடை ஃபீடால் பெருக்கி, மூக்கு ரேடியஸின் (டூல் முனை வளைவின் ஆரம்) 32 மடங்கால் வகுத்தால் ஆர்.ஏ., அதாவது சராசரி சொரசொரப்பு, கிடைக்கும். உங்கள் 0.2 ஃபீடுக்கும் இன்சர்ட் எண்ணின் கடைசி 08 காட்டும் 0.8 ரேடியஸுக்கும் 0.04 வகுத்தல் 25.6, அதாவது சுமார் 1.6 மைக்ரான். என்7 என்பதே 1.6 தான். அப்படியென்றால் காகிதத்தில் நீங்கள் டிராயிங்கைத் தொட்டுவிட்டீர்கள், ஆனால் ஜாபில் நகம் மாட்டுகிறது. அந்த வித்தியாசம் முழுக்க முனையில் ஒட்டுவதால் வருவது. ஃபீடைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள், இந்த நிலையில் அது பெரிதாக உதவாது.

இப்போது ஏன் ஒட்டுகிறது என்று பார்க்கலாம். 28 மி.மீ. விட்டம், 310 சுற்று என்றால் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 27 மீட்டர். கோட்டிங் உள்ள கார்பைடு இன்சர்ட் எம்.எஸ்.ஸில் சுத்தமாக வெட்ட 120 மீட்டருக்கு மேல் வேண்டும், 150, 200 என்று போகப் போக இன்னும் அழகாக வரும். 25 மி.மீ.யில் 120 மீட்டர் எடுக்க 1,500 ஆர்.பி.எம். தேவை. உங்கள் மெஷினில் 600 தான் உச்சம், அதில்கூட 50 மீட்டரைச் சுற்றித்தான் வரும். ஒட்டுகிற வேகத்திலேயேதான் நிற்கிறீர்கள்.

அடுத்தது அந்த 0.05 கட். நல்ல ஃபினிஷுக்கு மெல்லிய கட் என்று தோன்றுவது இயல்பு, ஆனால் டி.என்.எம்.ஜி. வகை இன்சர்ட்டின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாக இருக்காது, உடையாமல் இருப்பதற்காக லேசாக உருட்டி விட்டிருப்பார்கள். 0.05 கொடுத்தால் அந்த உருண்ட விளிம்பு வெட்டாது, தேய்க்கும். மூக்கு ரேடியஸில் மூன்றில் இரண்டு பங்காவது ஆழம் இருந்தால்தான் அந்த இன்சர்ட் தன் வேலையைச் செய்யும், அதாவது ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. அவ்வளவு ஆழத்தை 1 எச்.பி. மோட்டாரும் 25 மி.மீ. ஷாஃப்ட்டும் நிம்மதியாகத் தாங்குமா என்றால் கஷ்டம்தான். 0.4 ரேடியஸ் உள்ள பாசிட்டிவ் (பக்கங்கள் உள்நோக்கிச் சாய்ந்த) இன்சர்ட்டுக்கு மாறுங்கள், சி.சி.எம்.டி. 060204 அல்லது 09டி304. அதில் ஃபினிஷிங் கட் பக்கத்துக்கு 0.25 கொடுங்கள், 600 சுற்றில் ஓட்டுங்கள், ஃபீடை 0.1க்கு இறக்குங்கள். ரேடியஸ் சிறியதானால் ஃபீடும் குறைய வேண்டும், மேலே சொன்ன கணக்குதான்.

பிரஷ்ஷில் கூலன்ட் தடவுவதைக் கார்பைடுக்கு நிறுத்திவிடுங்கள். சூடான முனையில் விட்டு விட்டுக் குளிர்ந்தால் மயிரிழை விரிசல் விழும். ஊற்றினால் தொடர்ந்து ஊற்றுங்கள், இல்லையென்றால் காய்ந்தே ஓடட்டும்.

---

டூல்ரூம்88:

சிட்கோ டர்னர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். மோட்டார் புல்லியைப் பெரிதாக மாற்றி 1,200 சுற்று எடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், நான் அப்படி ஒரு மெஷினைப் பார்த்திருக்கிறேன். பழைய கோன் புல்லி லேத்துகள் பலவற்றில் ஸ்பிண்டில் கன்மெட்டல் புஷ்ஷில் ஓடுகிறது, அதற்கு எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். இரண்டு மடங்கு வேகத்தில் புஷ் சூடாகிப் பிடித்துவிடும். வார்ப்பிரும்பு சக்குக்கும் ஒரு வேக வரம்பு உண்டு, பழைய சக்கில் அது எழுதியும் இருக்காது. செய்ய வேண்டாம்.

பாசிட்டிவ் இன்சர்ட் வாங்கப் போகும்போது சி.சி.ஜி.டி. என்று கேட்டுப் பாருங்கள். அலுமினியத்துக்காகச் சாணை பிடித்துப் பாலிஷ் செய்த இன்சர்ட் அது, விளிம்பு நல்ல கூர்மை. குறைந்த வேகத்தில் எம்.எஸ்.ஸில் மெல்லிய ஃபினிஷிங் கட்டுக்கு மிக நன்றாக ஓடும். கருப்புத் தோல் உள்ள ராடிலோ கீவே (சாவிப் பள்ளம்) வெட்டிய இடத்திலோ வைக்காதீர்கள், முனை நொடியில் பொரிந்துவிடும்.

---

சாணைக்கல்:

இன்சர்ட்டையே ஏன் பிடித்துத் தொங்குகிறோம்? இந்த மெஷின் கட்டப்பட்டதே எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்காக. 25 மி.மீ. விட்டத்தில் 310 சுற்று என்றால் 24 மீட்டர், எச்.எஸ்.எஸ். எம்.எஸ்.ஸில் ஓட வேண்டிய வேகமே அதுதான். மெஷினுக்கு ஏற்ற டூலை வைத்தால் மெஷின் நன்றாகத்தான் வேலை செய்யும், பழையது என்று அதன் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அரை அங்குல எஸ்-400 ரக எச்.எஸ்.எஸ். பிட் ஒன்று வாங்கிச் சாணை பிடியுங்கள். முன்பக்கக் கிளியரன்ஸ் 8 முதல் 10 டிகிரி, மேலே பக்கவாட்டு ரேக் (டூலின் மேல்முகச் சாய்வு) 15 டிகிரிக்குக் குறையாமல். எம்.எஸ். மிருதுவான இரும்பு, அதற்கு ரேக் அதிகம் வேண்டும், தட்டையாகப் பிடித்த டூல் அதை வெட்டாமல் தள்ளும். மூக்கை முக்கால் மி.மீ. அளவுக்கு உருட்டுங்கள். இதோடு நிறுத்திவிடக் கூடாது, பெரும்பாலானவர்கள் விடுவது இங்கேதான். சாணைக்கல்லில் இருந்து எடுத்த டூலின் விளிம்பில் கல்லின் கோடுகள் அப்படியே இருக்கும், அந்தக் கோடுகள் ஜாபில் பதியும். எண்ணெய்க் கல்லில் மேல் பக்கத்தையும் முன் பக்கத்தையும் தேய்த்து, விளிம்பில் வெளிச்சம் பட்டால் ஒரு வெள்ளைப் புள்ளிகூடத் தெரியாத அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த வேகத்தில் எச்.எஸ்.எஸ்.ஸிலும் இரும்பு ஒட்டத்தான் பார்க்கும். அதைத் தடுப்பது எண்ணெய். தண்ணீரில் கலக்கும் வெள்ளைக் கூலன்ட் குளிர்விக்கும், ஆனால் ஒட்டாமல் தடுப்பதில் அது சுமார்தான். ஃபினிஷிங்குக்குக் கந்தகம் கலந்த கட்டிங் ஆயிலை நேரடியாகத் தடவுங்கள். அது கன்மெட்டல், பித்தளைப் பாகங்களைக் கறுக்கச் செய்யும், அதனால் வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். கட்டிங் ஆயில் இல்லாத நாளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கூட வேலை முடித்திருக்கிறோம், மரை வெட்டும்போது இன்றும் அதுதான்.

கடைசி 0.05 மட்டும் எடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டால் ஷியர் டூல் செய்து பாருங்கள். விளிம்பு நேராக, கிட்டத்தட்ட செங்குத்தாக நின்று, கொஞ்சம் சாய்ந்து ஜாபைத் தொடும்படி பிடிப்பது. மூக்கால் வெட்டாமல் விளிம்பின் நடுப்பகுதியால் சீவும். 0.02, 0.03 என்று பஞ்சு போன்ற சுருள் வரும், மேற்பரப்பு மினுங்கும். படியை ஒட்டிய மூலைக்கு இது போகாது, அங்கே சாதாரண டூல்தான்.

---

ராடுகடை பக்கம்:

எல்லோரும் டூலைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த ராடு என்ன ராடு என்று யாரும் கேட்கவில்லை. எம்.எஸ். என்று சொல்லிக் கொடுக்கும் ராடில் கார்பன் பெரும்பாலும் 0.2 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். கார்பன் குறையக் குறைய இரும்பு இழுபடும், முனையில் பிசைந்த மாவு போல ஒட்டும். ஈ.என். 8 என்ற ரக ஸ்டீல் எடுத்தால் கார்பன் 0.4 சதவீதம் அளவில் இருக்கும், கொஞ்சம் கடினம், ஆனால் அதே டூல், அதே வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வரும். கோவையில் பம்ப் ஷாஃப்ட்டுக்கு ஈ.என். 8 கேட்டு வாங்குவது சாதாரணம், கடைகளில் கிடைக்கும். பேரிங் போடும் ஷாஃப்ட்டை எம்.எஸ்.ஸில் செய்வதே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈ.என். 1ஏ என்று கந்தகம் சேர்த்த ராடு ஒன்று உண்டு, சுருள் துண்டு துண்டாக விழும், மேற்பரப்பு சும்மாவே பளபளக்கும். போல்ட், புஷ், நாப் போன்றவற்றுக்கு அருமை. பாரம் தாங்கும் ஷாஃப்ட்டுக்கும் வெல்டிங் பிடிக்கும் ஜாபுக்கும் அது வேண்டாம்.

அப்புறம் ஹோல்டரில் இன்சர்ட் இல்லாமல் பற்றவைத்த கார்பைடு டிப் டூல் வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஷாங்கில் நீலப் பெயின்ட் என்றால் பி வகை, அது ஸ்டீலுக்கு. சிவப்பு என்றால் கே வகை, வார்ப்பிரும்புக்கு. கே20 டிப்பை ஸ்டீலில் ஓட்டினால் சுருள் உரசும் இடத்தில் சீக்கிரமே பள்ளம் விழுந்து ஃபினிஷ் போய்விடும். பெயின்ட் போய்விட்ட பழைய டூலாக இருந்தால் வார்ப்பிரும்பு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

---

சிட்கோ டர்னர்:

ராடுகடை நண்பர் சொன்னது நல்ல விஷயம். ஆனால் கையில் இருக்கும் வேலை எம்.எஸ். என்றால் எம்.எஸ்.ஸிலேயே முடியும், சாணைக்கல் அண்ணன் சொன்ன வழியில் கண்டிப்பாக வரும்.

தம்பி, டூல் எதுவானாலும் சென்டர் உயரத்தைப் பாருங்கள். ராடின் முகத்தை ஃபேசிங் செய்து நடுவில் குமிழ் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் உயரம் சரியில்லை. டூல் மேலே இருந்தால் முன்பக்கம் ஜாபில் உரசும், கீழே இருந்தால் ஜாப் டூலின் மேல் ஏறப் பார்க்கும். டூலை டூல் போஸ்ட்டில் இருந்து எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுங்கள். காம்பவுண்டு ஸ்லைடை (டூல் போஸ்ட்டுக்கு அடியில் உள்ள சின்ன ஸ்லைடு) பின்னால் இழுத்து, அதன் ஆட்டத்தை எடுக்கும் ஜிப் பட்டையை இறுக்கி வையுங்கள்.

அளவு பிடிக்க இன்னொரு வழக்கம்: கடைசி இரண்டு கட்களையும் ஒரே ஆழத்தில் எடுங்கள். முதல் கட்டுக்குப் பிறகு அளந்தால் ஜாப் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும், இரண்டாவது கட்டும் அதே அளவுதான் வளையும், அளவு துல்லியமாக வரும். 0.05 மிச்சம் வைத்துச் சுரண்டும் பழக்கமே தேவைப்படாது. உங்கள் கிராஸ் ஸ்லைடு டயல் விட்டத்தைக் காட்டுகிறதா, ஆரத்தைக் காட்டுகிறதா என்பதையும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள், மெஷினுக்கு மெஷின் மாறும்.

---

புதுப்பட்டறை:

அனைவருக்கும் நன்றி. லென்ஸில் பார்த்தேன், இன்சர்ட் முனையில் நீங்கள் சொன்ன மேடு அப்படியே ஒட்டியிருந்தது, ஊசியால் நெம்பினால் பெயர்ந்து வருகிறது.

எச்.எஸ்.எஸ். பிட் சாணை பிடித்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, கட்டிங் ஆயில் போட்டு அதே 310 சுற்றில் ஓட்டினேன். ஃபீட் 0.1, கட் பக்கத்துக்கு 0.2. கிழிசல் போய்விட்டது, நகம் மாட்டவில்லை. சுருளும் நீளமாக ஒரே சீராக வருகிறது.

ஆனால் இப்போது மேற்பரப்பு நன்றாக வந்த பிறகு வேறு ஒன்று தெரிகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஷாஃப்ட்டின் நீளம் முழுக்க, ஒரே இடைவெளியில் மங்கலாக வளையங்கள். கையால் தடவினால் தெரியாது, கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் 6 மி.மீ.க்குச் சற்று அதிகம். சத்தம் எதுவும் இல்லை. இது ஸ்பிண்டில் ஆட்டமா?

---

டூல்ரூம்88:

ஸ்பிண்டில் ஆட்டம் என்றால் இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு இடைவெளியில் வராது. 0.1 ஃபீடில் 6 மி.மீ. என்றால் அறுபது சுற்றுக்கு மேல், அவ்வளவு மெதுவாகத் திரும்பி வரும் கோளாறு ஸ்பிண்டிலில் இல்லை, பெல்ட் ஜாயின்ட்டிலும் இல்லை. பெல்ட் கிளிப் தட்டினால் சில சுற்றுகளுக்கு ஒரு முறை விழும், நெருக்கமான வரிகளாகத் தெரியும். உங்களுடையது கேரேஜை (டூலைச் சுமந்து நகரும் பாகம்) இழுக்கும் வழியில் இருந்து வருகிறது.

இரண்டு சந்தேகம். பெட்டின் ஓரத்தில் கேரேஜ் நகரப் பிடிக்கும் பல் பட்டைக்கும் ரேக் என்றுதான் பெயர் (டூலின் ரேக் கோணம் வேறு), அந்த ரேக்கின் பல் அளவு மாடியூல் 2 ஆக இருந்தால் ஒரு பல்லில் இருந்து அடுத்த பல்லுக்கு 6.28 மி.மீ. கேரேஜை இழுக்கும் நீண்ட மரைத் தண்டான லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை என்றால் ஒரு சுற்றுக்கு 6.35. ஒரே ஒரு இடைவெளியை ஸ்கேலில் அளந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் பத்து இடைவெளிகளைச் சேர்த்து வெர்னியரில் அளந்து பாருங்கள். 62.8 வந்தால் ரேக், 63.5 வந்தால் லீட் ஸ்க்ரூ. ஃபீட் எந்த வழியாக வருகிறது என்பதையும் ஏப்ரனை (கேரேஜின் முன்பக்கப் பெட்டி) பார்த்து உறுதி செய்யுங்கள்.

---

புதுப்பட்டறை:

பத்து இடைவெளிக்கு 62.8 தான் வருகிறது. ரேக்கின் அடியில் விரலை விட்டுப் பார்த்தால் பல்லின் அடிப்பகுதியில் எண்ணெயும் பொடியும் சேர்ந்து கல் போல இறுகிக் கிடக்கிறது. கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.

அதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன். ஆயில் சீல் ஓடும் இடத்துக்கு இந்த ஃபினிஷ் போதுமா, எமரித் தாள் போட வேண்டுமா?

---

சாணைக்கல்:

போதாது. சீலின் உதடு ஓடும் இடத்துக்கு ஆர்.ஏ. 0.2 முதல் 0.8 வரை கேட்பார்கள். அதைவிட முக்கியம், டூல் விட்டுப்போகும் கோடு மரை போலச் சுருண்டு போகிறது. ஷாஃப்ட் சுற்றும்போது அந்தச் சுருள் எண்ணெயைப் பம்ப் போல ஒரு பக்கமாகத் தள்ளும், சீல் புதிதாக இருந்தாலும் கசியும். முடிந்தால் அந்த இடத்தில் 0.2 விட்டு வைத்து வெளியே கிரைண்டிங் கொடுத்துவிடுங்கள், சக்கரத்தை நீளவாக்கில் நகர்த்தாமல் நேராக உள்ளே இறக்கி அரைக்கச் சொல்லுங்கள்.

கிரைண்டிங்குக்கு வழியில்லை என்றால் 320 எமரியில் ஆரம்பித்து 400க்குப் போங்கள், எண்ணெய் தொட்டுக்கொண்டு. எமரியை இடமும் வலமும் இழுக்காமல் ஒரே இடத்தில் பிடியுங்கள், அப்போதுதான் கோடுகள் சுருளாகாமல் வட்டமாக விழும். எமரி போடுவதற்கு முன் பெட்டின் மேல் காகிதம் விரித்துவிடுங்கள், உதிரும் பொடி ஸ்லைடைத் தின்றுவிடும்.

எமரியை விரலைச் சுற்றியோ ஷாஃப்ட்டைச் சுற்றியோ பிடிக்கவே கூடாது. கையுறையும் வேண்டாம். ஒரு தட்டை அரத்தின் மேல் எமரியை மடித்து வைத்து, அரத்தின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துத் தொடுங்கள், சக்கின் பக்கத்துக் கை ஜாபுக்கு மேலாக நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேலே மடித்துவிடுங்கள். இதை எல்லாப் பட்டறையிலும் சொல்கிறோம், ஆனாலும் விரல் போனவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

---

புதுப்பட்டறை:

ரேக்கைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு ஓட்டினேன். வளையங்கள் முக்கால்வாசி மறைந்துவிட்டன, டெயில்ஸ்டாக் பக்கம் மட்டும் லேசாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்து ரேக் பற்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன, அதைப் பிறகு பார்க்கிறேன். பேரிங் சீட்டை உரசிப் பார்க்கும் ஒப்பீட்டுத் தகட்டோடு வைத்துப் பார்த்ததில் 1.6க்குச் சமமாக இருக்கிறது. சீல் இடத்துக்கு 0.2 விட்டு கிரைண்டிங் கொடுத்துவிட்டேன். அடுத்த ஷாஃப்ட்டுக்கு ஈ.என். 8 சொல்லியிருக்கிறேன்.

---

சிட்கோ டர்னர்:

நல்லது தம்பி. ஈ.என். 8 வந்ததும் அதே எச்.எஸ்.எஸ். டூலில் ரேக் கோணத்தை 10, 12 டிகிரிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், 15 வைத்தால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். வேகத்தையும் 20 மீட்டருக்கு இறக்குங்கள், 25 மி.மீ.க்கு 250 சுற்று வரும். உங்கள் மெஷினில் 310க்கு அடுத்த கீழ்ப்படி என்ன என்று சொல்லுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி ஃபீடைப் பார்த்துக்கொள்ளலாம்.